பேலியல் கல்லூரியில் ஓர் இரவு



கோடை விடுமுறை நெருங்கும்போது ‘இந்த முறை எங்கே போகலாம்?’ என்ற பேச்சு நம் வீடுகளில் எழும். கடற்கரை, விளையாட்டுப் பூங்கா, சொந்தக்காரர் வீடு என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் இன்னும் ஓர் இடத்தைச் சேர்க்கும்படி இந்த ஆண்டு விழா மலரின் வாயிலாக உங்களைக் கேட்கிறேன். ஆக்ஸ்போர்டு நகரத்திலுள்ள பேலியல் கல்லூரிக்குப் போங்கள். பகலில் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், ஓர் இரவு தங்கி வாருங்கள்.

ஆக்ஸ்போர்டில் பார்ப்பதற்கு எத்தனையோ கல்லூரிகள் இருக்க, ஏன் பேலியல்? ஞாயிற்றுக்கிழமைதோறும் நம்முடைய சொந்த மொழியில் வேதத்தை வாசிக்கிறோம், நம்முடைய சொந்த மொழியில் ஜெபிக்கிறோம். இது நமக்கு மூச்சு விடுவதைப்போல இயல்பாகிவிட்டது. ஆனால் இந்தச் சுதந்தரத்துக்கு மனிதர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை, அந்தக் கல்லூரியைச் சுற்றி ஒரு மைல் தூரத்துக்குள் நடந்தே பார்த்துவிடலாம். அந்த ஒரு மைலுக்குள் நம் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு.

தங்குவது எப்படி?

ஆக்ஸ்போர்டில் ஓர் ஆண்டுக்கு மூன்று பருவங்கள். ஒவ்வொன்றும் 8 வாரங்கள்தான். மற்ற நாட்களில் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த விடுமுறைகளில் பல கல்லூரிகள் தங்கள் அறைகளை வெளியாருக்கு வாடகைக்குக் கொடுக்கின்றன. பேலியலில் இடம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் கல்லூரி எதுவானாலும் சரி. நான் சொல்லும் இடங்கள் எல்லாம் நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. லண்டனிலிருந்து ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்.

பெரிய ஓட்டல் வசதியை எதிர்பார்க்க வேண்டாம். வாசலில் காவலர் அறை இருக்கும். அங்கே பெயரைச் சொன்னால் சாவி தருவார்கள். பழைய கட்டடங்களில் அறைகள் நீண்ட நடைக்கூடத்தை ஒட்டி வரிசையாக இருப்பதில்லை. முற்றத்தைச் சுற்றித் தனித்தனி மாடிப்படிகள் இருக்கும். ஒவ்வொரு படிக்கட்டிலும் சில அறைகள். பல இடங்களில் மின்தூக்கி கிடையாது. ஆகவே தாத்தா பாட்டியை அழைத்துப் போகிறவர்கள், கீழ்த்தள அறை வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு புத்தக அலமாரி இருக்கும். சில வாரங்களுக்கு முன்புவரை ஒரு மாணவன் உட்கார்ந்து படித்த மேசை அது. பிள்ளைகளே, அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

தண்டனையில் பிறந்த வீடு

பையை அறையில் வைத்துவிட்டு முற்றத்துக்கு வாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் 700 ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர்கள் படித்து வந்திருக்கிறார்கள். 1263-ஆம் ஆண்டை ஒட்டி இந்த வீடு தொடங்கியது.

தொடங்கிய கதை விசித்திரமானது. ஜான் டி பேலியல் என்பவர் இங்கிலாந்தின் வடபகுதியில் பெருஞ்செல்வர். அவருக்கும் டர்ஹாம் நகரத்துப் பேராயருக்கும் பெரிய தகராறு உண்டானது. கடைசியில் அவர் பேராயருக்குமுன் பணிந்து தண்டனையை ஏற்றுக்கொண்டார் என்றும், அதன் ஒரு பகுதியாக ஆக்ஸ்போர்டில் படிக்கும் ஏழை மாணவர்களைத் தாங்குவதாக ஒப்புக்கொண்டார் என்றும் பழைய ஏடுகள் சொல்கின்றன. ஒரு மனிதனின் கோபம் அடங்கிய இடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பு கிடைத்தது!

அவர் 1268-இல் இறந்தார். இன்னும் வேர் பிடிக்காத அந்தச் சிறிய வீடு அதோடு மூடப்பட்டிருக்கலாம். அப்படி ஆகாமல் காத்தவர் அவருடைய விதவை மனைவி டெர்வோகில்லா. ஸ்காட்லாந்தின் அரச வழியில் வந்த சீமாட்டி அவர். கணவரின் இருதயத்தைப் பதப்படுத்தி ஒரு பேழையில் வைத்துத் தம்மோடு கொண்டுபோவாராம். தாம் கட்டிய மடத்தில் அந்தப் பேழையோடே அடக்கம் செய்யப்பட்டார். ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் உள்ள அந்த மடத்தின் இடிபாடுகள் இன்றும் ‘அன்பிருதய மடம்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கப்படுகின்றன. டெர்வோகில்லாதான் கல்லூரிக்கு நிலையான வருமானத்தை ஏற்படுத்தி, 1282-இல் அதன் முதல் சட்டங்களையும் கொடுத்தார்.

அந்தச் சட்டங்களில் ஒன்றைப் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். வீட்டுக்குள் மாணவர்கள் பொதுவாக லத்தீன் மொழியில்தான் பேச வேண்டும். அடிக்கடி மீறுகிறவனைத் தலைவர் கண்டிப்பார். அப்படியும் திருந்தாவிட்டால், அவன் மற்றவர்களோடு பந்தியில் உட்காரக்கூடாது. தனியே உட்கார வேண்டும். எல்லாருக்கும் பரிமாறிய பிறகுதான் அவனுக்குச் சாப்பாடு வரும். அதற்கும் அசையாதவன் வெளியேற்றப்படுவான்.

நண்பனோடு தாய்மொழியில் பேசினால் கடைசிப் பந்தி! அன்றைக்கு லத்தீன்தான் படிப்பின் மொழி, சட்டத்தின் மொழி, ஆராதனையின் மொழி. ஆங்கிலம் வயலிலும் சந்தையிலும் பேசுகிற பாமரர் பேச்சாக எண்ணப்பட்டது. இன்று உலகமெல்லாம் ஆளும் ஆங்கிலம், ஒரு காலத்தில் தன் சொந்த நாட்டுக் கல்லூரியிலேயே வாசலுக்கு வெளியே நின்றது என்பதை நினைவில் வையுங்கள்.

விக்ளிஃப்

அந்த வீட்டில் ஏறக்குறைய 100 ஆண்டுகளுக்குப் பிறகு, 1360-இல், ஜான் விக்ளிஃப் என்ற குருவானவர் தலைவராக இருந்தார். அடுத்த ஆண்டே ஒரு கிராமச் சபையின் பொறுப்பை ஏற்று, தலைவர் பதவியை விட்டார். ஆனாலும் ஆக்ஸ்போர்டில் அவர் குரல் பல ஆண்டுகள் ஒலித்தது. திருச்சபையின் செல்வத்தையும் அதிகாரத்தையும் அவர் கேள்வி கேட்டார். வேதமே திருச்சபையின் மேலான பிரமாணம் என்றார். அப்படியானால் உழுகிறவனும் நெய்கிறவளும் அந்த வேதத்தைத் தங்கள் சொந்தப் பேச்சில் கேட்க வேண்டாமா?

1380-களில் அவருடைய தூண்டுதலால், அவரைச் சார்ந்தவர்கள் லத்தீன் வேதாகமம் முழுவதையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். அச்சு இயந்திரம் இங்கிலாந்துக்கு வராத காலம். ஒவ்வொரு பிரதியையும் கையால் எழுத வேண்டும். பிள்ளைகளே, உங்கள் வேதாகமத்தை எடுத்து ஒரே ஓர் அதிகாரத்தைக் கையால் எழுதிப் பாருங்கள், விரல் வலிக்கும். ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் எழுதினவர்களை அப்போது நினைத்துக்கொள்வீர்கள்.

விக்ளிஃப் 1384-ஆம் ஆண்டின் கடைசி நாளில், தாம் ஊழியம் செய்த லட்டர்வொர்த் என்ற ஊரில் மரித்தார். 1409-இல் அனுமதியில்லாமல் வேதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதைத் தடைசெய்யும் சபைச் சட்டம் வெளியானது. 1415-இல் கான்ஸ்டன்ஸ் நகரத்தில் கூடிய ஆலோசனைச் சங்கம் அவரைக் கள்ளப் போதகர் என்று தீர்த்தது. 1428-இல் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்து, சாம்பலை ஸ்விஃப்ட் என்ற சிற்றாற்றில் கரைத்தார்கள். மரித்து 43 ஆண்டுகள் கழிந்த ஒருவரைப் பற்றி இவ்வளவு பயம்! ஆனாலும் கையால் எழுதிய அந்த வேதாகமப் பிரதிகளில் 250-க்கும் மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. சாம்பல் போய்விட்டது, எழுத்து நின்றுவிட்டது.

தெருவில் ஒரு சிலுவை

சாயங்காலம் வெயில் தணிந்ததும் கல்லூரியின் முன்வாசல் வழியாகத் தெருவுக்கு வாருங்கள். இது பிராட் ஸ்ட்ரீட், அகலத் தெரு. ஒரு காலத்தில் இங்கே குதிரைச் சந்தை நடந்தது. நகரத்தின் வடக்கு மதிலுக்கு வெளியே, மதிலை ஒட்டிய அகழியின் ஓரமாக இருந்த இடம்.

தெருவின் நடுவே பாருங்கள். தரையில் கற்களைப் பதித்து ஒரு சிலுவை அமைத்திருக்கிறார்கள். மிதிவண்டிகளும் சுற்றுலாக் கூட்டமும் அதன்மேல் போய்க்கொண்டே இருக்கும், பலர் கவனிப்பதில்லை. நீங்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

1555 அக்டோபர் 16-ஆம் தேதி ஹியூ லாட்டிமர், நிக்கோலஸ் ரிட்லி என்ற இரண்டு பேராயர்கள் இந்த இடத்தை ஒட்டி உயிரோடே எரிக்கப்பட்டார்கள். 1556 மார்ச் 21-ஆம் தேதி கேன்டர்பரியின் பிரதான பேராயராயிருந்த தாமஸ் கிரான்மரும் அவ்வாறே மாண்டார். மேரி அரசியின் ஆட்சிக்காலம் அது. திருவிருந்தைப் பற்றிய அவர்களுடைய போதனையும், பாப்பரசரின் அதிகாரத்தை அவர்கள் மறுத்ததும் அவர்கள்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் முக்கியமானவை.

கிரான்மரைப் பற்றி நாம் சிறப்பாக அறிய வேண்டும். 1539-இல் ஒவ்வொரு ஆலயத்திலும் வைப்பதற்கென்று பெரிய ஆங்கில வேதாகமம் அச்சானது. அடுத்த ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் அவர். ஆங்கிலத்தில் அமைந்த முதல் பொதுஜெபப் புத்தகத்தைத் தொகுத்தவரும் அவரே. அந்தப் புத்தகம் 1549-ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே ஞாயிறன்று நாடெங்கும் வழக்கத்துக்கு வந்தது. அவரவர் தங்கள் தங்கள் பாஷையில் தேவனுடைய மகத்துவங்களைக் கேட்ட அந்தப் பெருநாளை, அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில் வாசித்திருக்கிறோம் அல்லவா? அந்த நாளில்தான் ஆங்கில மக்களின் ஆராதனை ஆங்கிலத்துக்கு வந்தது.

அவர் அசையாத வீரராக இருந்து மரித்தார் என்று சொல்ல முடியாது. சிறையில் மனம் தளர்ந்து, தம் விசுவாசத்தை மறுதலிக்கும் பத்திரங்களில் கையெழுத்திட்டார். கடைசி நாளில், எல்லார் முன்னிலையிலும் அவற்றைத் தள்ளிவிட்டார். தீ மூட்டியபோது, கையெழுத்திட்ட வலது கையை முதலில் நெருப்பில் நீட்டினார். பேதுருவைப் போலத் தவறி, பேதுருவைப் போல எழுந்தவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இனி மீண்டும் கல்லூரிக்குள் போங்கள். முன்முற்றத்துக்கும் தோட்ட முற்றத்துக்கும் இடையே உள்ள வழியில் கனமான பழைய மரக்கதவுகள் இருக்கும். முற்காலத்தில் தெருவாசலில் இருந்த கதவுகள் அவை. அந்தத் தீயின் அனல் பட்டுக் கருகிய தடங்கள் அவற்றில் இருப்பதாகச் சொல்வார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்து வந்த எலிசபெத் அரசியின் காலத்தில் நிலைமை தலைகீழானது. 1589-இல் இதே ஆக்ஸ்போர்டில் நான்கு கத்தோலிக்கர் தங்கள் விசுவாசத்தின் காரணமாகக் கொல்லப்பட்டார்கள். இயேசுவின் நாமத்தைச் சொல்லிக்கொண்டே இரு பக்கத்தாரும் இரத்தம் சிந்தினார்கள். ஆகவே அந்தச் சிலுவையின் அருகில் நிற்கும்போது யார்மேலும் வெறுப்பு வேண்டாம். இன்னொருவன் ஜெபிக்கும் விதத்துக்காக அவனைத் துன்பப்படுத்தும் நாள் திரும்ப வராதிருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டால் போதும்.

நூற்றொரு மணி

இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைத் தூங்கவிடாதீர்கள். தெற்கே கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக் கோபுரத்தில் ‘பெரிய டாம்’ என்ற மணி தொங்குகிறது. ஒவ்வோர் இரவும் 9.05-க்கு அது 101 முறை அடிக்கும். ஏன் ஒன்பதுக்கு அடிக்காமல் ஐந்து நிமிடம் தாமதம்? ஆக்ஸ்போர்டு, கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கிறது. சூரியக் கணக்குப்படி அங்கே நேரம் ஐந்து நிமிடம் பின்தங்கியது. ரயில் பாதைகள் வந்து நாடெங்கும் ஒரே நேரம் ஆனபிறகும், அந்த மணி மட்டும் பழைய நேரத்தை விடவில்லை. ஏன் 101? ஒரு காலத்தில் அங்கே இருந்த மாணவர்களின் எண்ணிக்கை அது. காற்று இந்தப் பக்கம் வீசினால் உங்கள் அறைச் சன்னலிலேயே கேட்கலாம். எண்ணிப் பாருங்கள், எழுபதுக்கு மேல் கணக்குத் தவறிவிடும்!

மணி ஓய்ந்த பிறகு, அந்த அமைதியில் பிள்ளைகளுக்கு மீதிக் கதையைச் சொல்லுங்கள். வில்லியம் டிண்டேல் என்ற மாணவரும் இதே நகரத்தில்தான் படித்தார். கிரேக்கத்திலிருந்து நேரடியாக ஆங்கிலத்தில் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு, தாய்நாட்டில் அனுமதி கிடைக்காமல், 1526-இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரத்தில் அச்சாகி, துணிப் பொதிகளுக்குள் ஒளித்து இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டது. 1536-இல் அவரும் கொல்லப்பட்டார்.

சாதாரண மனிதன் தன் மொழியில் வேதம் வாசிக்க வேண்டும் என்ற அந்த எண்ணம், ஐரோப்பாவின் பல மூலைகளிலும் பற்றிக்கொண்டது. அது கடல் தாண்டி நம்மிடமும் வந்தது. 1706-இல் பார்த்தலோமேயு சீகன்பால்க் என்ற ஜெர்மானிய இளைஞர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் எழுத்துகளைக் கற்பதற்காக, சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சான புதிய ஏற்பாடு நம்முடையதுதான். அச்சுக்கூடத்தை அனுப்பி உதவியவர்கள் இங்கிலாந்தின் கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்தார். அந்த அச்சுக்கூடத்துக்கான முதல் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டது ஜெர்மனியின் ஹாலே நகரத்தில். சீகன்பால்க் 36 வயதில் மரித்தார். அவருக்குப்பின் பெப்ரீஷியஸ் பல ஆண்டுகள் உழைத்தார். 1850-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் உழைத்தார். சைவ சமயத்தில் உறுதியாக நின்ற அறிஞர் அவர். நம் வேதாகமத்துக்கும் தம் தமிழைக் கொடுத்தார். 1871-இல் ஹென்றி பவர் ஐயர் தலைமையில் ஐக்கிய மொழிபெயர்ப்பு வெளியாயிற்று. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் வேதாகமத்துக்குப் பின்னால் இத்தனை கைகள் இருக்கின்றன.

காலையில்: போப்பையர்

காலை உணவு பெரும்பாலும் கல்லூரியின் சாப்பாட்டு மண்டபத்திலேயே கிடைக்கும். நீண்ட மேசைகள், உயர்ந்த கூரை, சுவரில் பழைய தலைவர்களின் படங்கள். பேலியலின் இப்போதைய மண்டபம் 1877-இல் திறக்கப்பட்டது. சாப்பிட்டு முடித்ததும் சிற்றாலயத்துக்குப் போங்கள். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாகக் கற்கள் அடுக்கிய கட்டடம். 1857-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆனால் உள்ளே பீடத்துக்குப் பின்னால் உள்ள வண்ணக் கண்ணாடி அதற்கு மிகவும் மூத்தது. கிறிஸ்துவின் பாடுகளையும் உயிர்த்தெழுதலையும் காட்டும் அந்தக் கண்ணாடி 1529-ஐச் சேர்ந்தது.

இந்தச் சிற்றாலயத்தின் குருவாக 1888 முதல் ஊழியம் செய்தவர் யார் தெரியுமா? ஜி. யு. போப். பிள்ளைகள் குழம்ப வேண்டாம். போப் என்பது அவர் குடும்பப் பெயர், அவர் பாப்பரசர் அல்லர்!

அவர் 1820-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்து, சிறுவயதில் இங்கிலாந்துக்கு வந்தவர். அவருடைய முதல் தமிழ்ப் பாடம் 1837-இல், 17-ஆம் வயதில். இந்தியாவை அவர் அதுவரை கண்டதில்லை. 1839-இல் சென்னையில் இறங்கினார். பிறகு திருநெல்வேலிச் சீமையின் சாயர்புரத்தில் பள்ளி அமைத்தார். அங்கே இன்றைக்கும் ஒரு கல்லூரி அவர் பெயரில் நடக்கிறது. தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர் என்று 40 ஆண்டுகளுக்குமேல் அவர் காலம் கழிந்தது. பள்ளிக்கூடத்தில் கண்டிப்பு அதிகம் என்று அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு.

பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி, 1884-இல் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பிக்க அமர்ந்தார். இந்தியாவில் அரசாங்க வேலைக்குப் போகவிருந்த ஆங்கில இளைஞர்கள் அங்கே அவரிடம் தமிழ் படித்தார்கள். லத்தீன் பேசாதவனைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்த நகரத்தில், ‘அ, ஆ’ என்ற ஒலி கேட்டது! அங்கிருந்தபடியே 1886-இல் திருக்குறளையும், 1893-இல் நாலடியாரையும், 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

திருவாசகப் பதிப்புக்குப் பின்னால் ஒரு பேச்சு இருக்கிறது. அப்போது பேலியலின் தலைவர் பெஞ்சமின் ஜோவெட். இருவரும் ஒருமுறை தமிழ் நூல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அதை அச்சிட்டே ஆகவேண்டும் என்றார் ஜோவெட். அத்தனை பெரிய வேலையை முடிக்கும்வரை நான் உயிரோடு இருக்க வேண்டுமே என்று போப் தயங்கினார். பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நீண்டநாள் வாழ வழி, முடிக்கும்வரை நீர் இருப்பீர் என்று பதில் வந்தது. ஜோவெட் 1893-இல் காலமானார். போப் தம் 80-ஆம் பிறந்தநாளில், 1900 ஏப்ரல் 24 அன்று, திருவாசக முன்னுரையை முடித்துத் தேதியிட்டார். முதல் பாடத்திலிருந்து அன்றுவரை 63 ஆண்டுகள்.

கல்லூரியைவிட்டு அகலத் தெருவின் கிழக்குக் கோடிக்கு நடந்தால், உச்சியில் யானை உருவக் காற்றுத்திசைகாட்டி வைத்த ஒரு கட்டடத்தைப் பார்ப்பீர்கள். இந்திய மொழிகளையும் கலைகளையும் கற்பதற்காக எழுந்த இந்தியக் கழகத்தின் கட்டடம் அது. போப் தம் முன்னுரையை எழுதியது அங்கே இருந்துதான். அந்த யானையைப் பிள்ளைகளே முதலில் கண்டுபிடிக்கட்டும்.

பிறகு மறுபக்கமாக, வடமேற்கே நடந்து, வால்டன் தெருவில் உள்ள புனித கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். 1908 பிப்ரவரியில் மரித்த போப் அங்கே அடக்கமாகியிருக்கிறார். ஜோவெட்டின் கல்லறையும் அதே தோட்டத்தில்தான். ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று போப்பின் கல்லறையில் எழுதியிருப்பதாக நாம் எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம். நேரில் போனால், கல்லில் அந்தச் சொற்கள் இல்லை. அங்கே இருப்பது வேறொரு செய்தி: அவருடைய குடும்பத்தாரும், தென்னிந்தியாவிலிருந்த அவருடைய தமிழ் நண்பர்களும் சேர்ந்து, அவருடைய வாழ்நாள் உழைப்பை மெச்சி வைத்த கல் அது. கேட்ட கதையைவிட இந்த உண்மை எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து, தங்கள் மொழியை நேசித்த ஒருவருக்கு நம்முடைய முன்னோர் நன்றி மறக்கவில்லை.

நமக்கு என்ன?

இப்போது நம் சபையைப் பற்றிப் பேசுவோம். முதலில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நம் ஆராதனையில் தமிழ்ப் பிரசங்கம் நடக்கும்போது பிள்ளைகள் சிலர் ஒன்றும் புரியாமல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எல்லாரும் பார்க்கிறோம். விக்ளிஃபும் கிரான்மரும் கேட்டது, மனிதர் தமக்குப் புரிகிற பேச்சில் வேதத்தைக் கேட்க வேண்டும் என்பதே. அந்த நியாயம் நம் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆகவே அவர்கள் ஆங்கிலத்தில் வேதம் வாசிப்பதைக் குறைவாக எண்ண வேண்டாம். தமிழ் பேசாத பிள்ளையைப் பந்தியில் கடைசியில் உட்கார வைப்பதுபோல், நாலு பேர் முன்னிலையில் பரிகாசம் செய்யவும் வேண்டாம். பயமுறுத்தி லத்தீன் பேசவைத்த பேலியலில் இன்று யாரும் சாப்பாட்டு மேசையில் லத்தீன் பேசுவதில்லை. தண்டனை ஒரு மொழியைக் காப்பாற்றாது.

அடுத்து, பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. போப்பையரின் வீட்டில் தமிழ் பேச யாரும் இல்லை. சீகன்பால்கின் ஊரில் தமிழ் எழுத்தைக் கண்டவரே இல்லை. அவர்கள் தேடிப்போய்க் கற்றார்கள். உங்களுக்கோ வீட்டுக்குள்ளேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அம்மம்மா, அப்பம்மா, தாத்தா எல்லாரும் உங்கள் கேள்விக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் தனியாக ஜெபிக்கும்போது எந்த மொழியில் அழுகிறார்கள், எந்த மொழியில் நன்றி சொல்கிறார்கள் என்று ஒருநாள் உங்களுக்கு அறியத் தோன்றும். அன்றைக்கு அந்த மொழி உங்களுக்குக் கொஞ்சமாவது புரிய வேண்டும். 17 வயதில் தொடங்கிய ஒருவர் 80 வயதில் திருவாசகத்தை முடித்தார். உங்களுக்கு இன்னும் நேரம் நிறைய இருக்கிறது.

அந்த இரவு, கல்லூரி அறையில், குடும்பமாக உட்கார்ந்து ஒரு சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஒரு வசனத்தை ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். பாட்டி அடுத்த வசனத்தைத் தமிழில் வாசிக்கட்டும். முடிந்தபின் பிள்ளை ஒரே ஒரு தமிழ் வசனத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும். பிழை வந்தால் யாரும் சிரிக்க வேண்டாம். சன்னலுக்கு வெளியே அகலத் தெருவில் அந்தக் கற்சிலுவை இருக்கும். நீங்கள் உரக்க வாசிக்கலாம். கதவைத் தட்டிக் கேட்க யாரும் வரமாட்டார்கள்.

இந்த ஆண்டு நன்றியோடு விழாக் கொண்டாடும் நம் சபை, அடுத்த தலைமுறையின் கைக்கு எதைக் கொடுக்கப்போகிறது என்பதைக் கர்த்தர்முன் யோசிப்போம். போகிற குடும்பங்கள், பெட்டி அடுக்கும்போது தமிழ் வேதாகமத்தையும் மறக்காமல் எடுத்து வையுங்கள்.